மேடைக்கு ஒரு பழைய சின்ன மகோகனி கிடார்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது பெங்களூரு காக்ஸ் டவுனில். பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிடார் வாசிப்பது என் வேலை. இந்திராநகர் கஃபேக்கள், கல்யாண வரவேற்புகள், சர்ச் நிகழ்ச்சிகள், அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்து மேடை என்று வாரம் இரண்டு மூன்று இடம் இருக்கும். என் கையில் இருப்பது 1950களில் செய்த, முழுக்க மகோகனியால் ஆன, மார்ட்டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 0-15 கிடார். நிகழ்ச்சி முடிந்து ஒயரைச் சுருட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் வந்து அதைப் பற்றிக் கேட்பார். பெரும்பாலும் கேள்விகள் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, என் பதிலையும் எழுதியிருக்கிறேன்.

அக்கா, "ஆல் மகோகனி"ன்னு சொல்றீங்களே, எல்லா கிடாரும் மரம்தானே? இதுல என்ன தனி?

வழக்கமான அக்கூஸ்டிக் கிடாரில், வட்ட ஓட்டை இருக்கிற முன்பலகை ஸ்ப்ரூஸ் என்ற வெளிறிய ஊசியிலை மரம். பின்பலகையும் பக்கங்களும்தான் ரோஸ்வுட்டாகவோ மகோகனியாகவோ இருக்கும். நான் சொல்லும் வகையில் முன்பலகையும் மகோகனிதான். அதனால்தான் எந்தப் பக்கம் திருப்பினாலும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

கிடாரின் குரலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முன்பலகை. மகோகனி ஸ்ப்ரூஸைவிடக் கனமான மரம் என்பதால் தந்தியைத் தட்டியதும் சத்தம் பளீரென்று பாய்ந்து வராது. அடிச்சுரம் தெளிவாக நிற்கும், மேலே மினுமினுக்கும் அதிர்வுகள் குறையும். ஸ்ப்ரூஸில் ஓங்கி அடிக்க அடிக்கச் சத்தம் ஏறும். இதில் ஓர் அளவோடு நின்றுவிடும். தனியாக வாசிப்பவருக்கு இது குறையாகத் தெரியலாம். பாட்டுக்கு வாசிப்பவருக்கு இதைவிட நல்ல குணம் கிடையாது என்பது என் அனுபவம்.

சின்ன பாடின்னா எவ்வளவு சின்னது? ஸ்டேஜ்ல பொம்மை மாதிரி தெரியாதா?

மார்ட்டின் கணக்கில் அளவுகளுக்கு 0, 00, 000 என்று பெயர். அடிப்பகுதியின் அகலம் 0-வுக்கு 13.5 அங்குலம், 00-வுக்கு 14.3, 000-வுக்கு 15. கடைகளில் எங்கும் தொங்கும் டிரெட்நாட் என்ற பெரிய உடல் கிடார் 15.6 அங்குலம், வயிறும் ஆழம். பொம்மை மாதிரி தெரியாது. உட்கார்ந்து வாசித்தால் வலது தோள் தூக்கிக்கொண்டு நிற்காது, மைக்குக்கும் உங்களுக்கும் நடுவில் பெட்டி இடிக்காது. மூன்று மணி நேர வரவேற்புக் கச்சேரி வாசித்துப் பாருங்கள், அந்த இரண்டு அங்குலத்தின் அருமை தோளுக்குத் தெரியும்.

எங்க சித்தப்பா திண்டிவனம் பக்கம் மகோகனி நட்டிருக்காரு. அதே மரமா இது?

பெரும்பாலும் அதே இனம்தான். தமிழ்நாட்டு நர்சரிகளில் மகோகனி என்று விற்பது அநேகமாக பெரிய இலை மகோகனி. பழைய கிடார்களுக்கும் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளிலிருந்து போனது அதுதான். பெங்களூரிலும் சாலையோரத்தில் மகோகனி நிற்கிறது, மரக்கட்டை போன்ற காய் வெடித்து இறக்கை வைத்த விதை பறப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இனம் ஒன்றானாலும் பலகை ஒன்றாகாது. காட்டில் நெடுங்காலம் நின்று முற்றிய மரத்தை நேர் ரேகை வரும்படி அறுத்த பலகையும், தண்ணீர் பாய்ச்சிப் பதினைந்து வருடத்தில் வெட்டிய பலகையும் வேறு வேறு. இது நம் ஊருக்குப் புதிய விஷயம் இல்லை. தஞ்சாவூரில் வீணைக்கு பலா தேடுகிறவர்கள் கிடைத்த மரத்தையெல்லாம் வெட்டுவதில்லை, முற்றிய மரமாகத்தான் பார்ப்பார்கள்.

பழசுதான் வேணுமா? புதுசு வாங்குனா என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை. மார்ட்டின் இன்றும் 00-15எம், 000-15எம் என்று முழு மகோகனி கிடார்கள் செய்கிறது. கில்ட் என்ற நிறுவனமும் எம்-20 என்ற தன் பழைய மாடலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. கழுத்தை நிமிர்த்த உள்ளே ட்ரஸ் ராட் என்ற முடுக்கும் கம்பி இருக்கும், வாரன்டி இருக்கும். மாதம் ஒரு முறை மேடை ஏறுகிறவருக்கு நான் முதலில் சொல்வது புதியதைத்தான். வாங்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: மகோகனி என்ற பெயரில் சபேலி, ஆப்பிரிக்க மகோகனி என்ற உறவு மரங்களும் வருகின்றன. அவை கெட்ட மரங்கள் இல்லை. என்ன மரம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பழையதின் மேல் எனக்கு உள்ள பிரியத்துக்குக் காரணம் எடை. பழைய நல்ல 0-15-ஐக் கையில் எடுத்தால் காலித் தகர டப்பாவைத் தூக்கிய மாதிரி இருக்கும். பலகை மெல்லியது, மேலே பூசிய லாக்கர் மெல்லியது, மரம் பல பத்தாண்டுகள் காய்ந்தது. மெதுவாக வருடினாலே பேசும். ஆனால் வயது மட்டும் கிடாரை நல்லதாக்காது. நான் பார்த்த பழைய கிடார்களில் பாதிக்கு மேல், பழுது பார்க்காமல் மேடைக்குக் கொண்டு போக முடியாத நிலையில்தான் இருந்தன.

சரி, எந்தெந்த மாடலைத் தேடணும்?

முதலில் மார்ட்டின். 1922-ல் வந்த 2-17 என்ற சின்ன மகோகனி கிடாரில்தான் அந்த நிறுவனம் இரும்புத் தந்தியை வழக்கமாக்கியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் 0-17, 00-17 ஓடின. 1940-லிருந்து அதையும்விட எளிமையான 0-15 முழு மகோகனியில் வரத் தொடங்கியது. போர்க்காலத்தில் சில வருடம் நின்று, பிறகு 1961 வரை செய்தார்கள். ஓரப்பட்டை இல்லை, பளபளப்பு இல்லை. அந்த நிறுவனத்தின் மலிவான கிடார், உள்ளே மட்டும் விலை உயர்ந்த கிடார்களுக்கு உள்ள அதே எக்ஸ் வடிவச் சட்டங்கள், முன்பலகையை உள்ளிருந்து தாங்குபவை. என்னைக் கேட்டால், பாட்டுக்கு வாசிக்க இதுவரை செய்த கிடார்களில் இதற்கு மேல் ஒன்று வேண்டியதில்லை.

இரண்டாவது கிப்சன் எல்ஜி-0. 1958-ல் வந்தது, 1960களின் கடைசி வரை முன்பலகையும் மகோகனி, அப்புறம் ஸ்ப்ரூஸுக்கு மாறிவிட்டது. உள்ளே எக்ஸ் கிடையாது, ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டங்கள். அதனால் சத்தம் சற்று மூக்கடைத்த மாதிரி, நடுச்சுரம் தூக்கலாக வரும். சிலருக்குப் பிடிக்காது. பழைய மெட்டுப் பாட்டுக்கு ஒற்றை மைக் முன்னால் அது அபாரமாக உட்காரும். இரண்டு விஷயம் பாருங்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து பல எல்ஜி-0-க்களில் பிரிட்ஜை, அதாவது முன்பலகையில் தந்திகள் கட்டப்படும் பட்டையை, பிளாஸ்டிக்கில் செய்து அடியிலிருந்து முடுக்கி வைத்தார்கள், அது நெளிந்துபோகும். மரப் பிரிட்ஜுக்கு மாற்றியிருந்தால் நல்லது. 1965 வாக்கில் கழுத்தின் தொடக்க அகலமும் 43 மில்லிமீட்டரிலிருந்து 40-க்கு ஒட்டிக் குறைந்தது. விரலால் மீட்டுகிறவர்கள் 1965-க்கு முந்தையதைத் தேடுங்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் ஹார்மனி எச்165. சிகாகோவில் செய்தது, திடப் பலகை மகோகனி, ஏணிச் சட்டம். உடல் 15 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், 0-வைப் போல அவ்வளவு சின்னதில்லை. 1975-ல் அந்தத் தொழிற்சாலை மூடியது. மூன்றிலும் விலை குறைந்தது இதுதான். ஆனால் கழுத்துக்குப் பழுது வேலை தேவைப்படாத ஹார்மனியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். வேலைச் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள்.

சத்தம் கம்மியா இருக்கே, கஃபேல கேக்குமா?

மைக் இல்லாமல், பில்டர் காப்பி மெஷின் உறுமுகிற இடத்தில் கேட்காது. மேடையில் எப்படியும் மைக்கோ, கிடாரிலேயே பொருத்தி ஒலியை ஒயரில் அனுப்பும் பிக்கப்போ வழியாகத்தான் போகப்போகிறது. அங்கே சத்தத்தின் அளவைவிட அது எந்த இடத்தில் உட்காருகிறது என்பது முக்கியம். டிரெட்நாட்டின் அடி அதிர்வு பாடகரின் கீழ்க்குரலோடு முட்டும், மேலே மினுமினுப்பு அவர் சொல்லும் "ச", "ஷ" மேல் ஏறும். சவுண்ட் ஆள் இரண்டையும் வெட்டி வெட்டி, கடைசியில் மீதமிருப்பது ஒரு சின்ன கிடாரின் சத்தம்தான். சின்ன மகோகனியில் வெட்ட வேண்டியதே அதிகம் இல்லை.

ஒரு முறை ஒய்ட்ஃபீல்டில் ஒரு வரவேற்பு. மிக்சரில் இருந்த பையன் வழக்கம் போல லோ, ஹை இரண்டையும் குறைத்துவைத்துக் காத்திருந்தான். நான் ஒரு ஜி கார்டை வருடியதும் இரண்டு குமிழையும் திரும்ப நடுவில் கொண்டுவந்து விட்டு, கையை எடுத்துவிட்டான். பாடிய பெண் அன்று முதல் வரியிலேயே மானிட்டரைக் கூட்டச் சொல்லவில்லை.

நான் அஞ்சரைக் கட்டை, என் கூட பாடுறவர் ஒன்றரைக் கட்டை. கேப்போ போட்டா சின்ன கிடார் தாங்குமா?

தாங்கும், நன்றாகவே தாங்கும். கேப்போ என்பது கழுத்தில் மாட்டி, எல்லாத் தந்தியையும் ஒரு ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியில், அழுத்திப் பிடிக்கும் கவ்வி. ஜி வடிவத்தை முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஐந்தரைக் கட்டை. சி வடிவத்தை அதே இடத்தில் பிடித்தால் ஒன்றரை. உங்கள் இருவருக்கும் கேப்போவை நகர்த்தவே வேண்டாம். இந்தக் கிடார்களில் தந்தி நீளமும் குறைவு: மார்ட்டினில் 24.9 அங்குலம், கிப்சனில் 24.75. டிரெட்நாட்டில் 25.4. அந்த அரை அங்குலத்தில் தந்தி சற்று தளர்ந்து நிற்கும், சுரத்தை இழுத்து வளைப்பது எளிது. கமகத்தைத் தொட்டுக்காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

வாங்கும் முன் கேப்போவோடு சுருதி பார்த்துவிடுங்கள். பழைய கிடாரில் பிரிட்ஜைக் கழற்றி ஒட்டியிருந்தால் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கும். வெறும் தந்தியில் சரியாக இருக்கும், நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டதும் மேல் சுரம் விலகும். தம்பூராவோ சுருதிப் பெட்டியோ கூட ஒலிக்கிற மேடையில் அது முள்ளாகக் குத்தும்.

நேர்ல போய் பார்க்கிறப்போ என்ன பார்க்கணும்? எனக்கு வாசிக்கத்தான் தெரியும், மரவேலை தெரியாது.

கழுத்தின் சாய்வைப் பாருங்கள். வேறு எதைப் பார்க்க மறந்தாலும் பரவாயில்லை. கிடாரின் மேல் ஆறு தந்தியும் சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ எடையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அறுபது எழுபது வருடம் அப்படி இழுத்தால் கழுத்து மெல்ல முன்னால் மடங்கும், பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு லேசாக உப்பும். தந்தி ஃப்ரெட்டை விட்டு உயரும். அதுதான் "ஆக்ஷன் ஹை" என்பது.

எஸ்.பி. ரோட்டில் இரண்டு அடி இரும்பு ஸ்கேல் ஒன்று வாங்கி கிடார் பையிலேயே வைத்திருக்கிறேன். அதை மூன்றாவது நான்காவது தந்திக்கு நடுவே ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்து, பிரிட்ஜை நோக்கி நீட்டுவேன். நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டும் தொடாமல் நின்றால் கழுத்து நல்ல நிலை. நுனி பிரிட்ஜின் முகத்தில், நடு உயரத்தில் போய் இடித்தால் கழுத்து விழுந்துவிட்டது. அடுத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம்: அடித்தந்திக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்கு இரண்டுக்குள். அதோடு பிரிட்ஜுக்கு மேல், தந்தி உட்காரும் வெள்ளைத் துண்டான சேடில் மூன்று மில்லிமீட்டராவது தெரிய வேண்டும். ஆக்ஷன் குறைவாக இருக்கிறது, ஆனால் சேடிலே தெரியவில்லை என்றால், கழுத்துக் குறையைச் சேடிலைத் தேய்த்து மறைத்திருக்கிறார்கள். பிரிட்ஜையே இழைத்து மறைத்ததும் உண்டு. பிரிட்ஜ் எட்டு ஒன்பது மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், ஆறுதான் என்றால் கேள்வி கேளுங்கள்.

பிறகு பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி, போன் டார்ச். ஓட்டைக்குள் விட்டு பிரிட்ஜின் அடிப்பலகையைப் பாருங்கள். தந்தி முடிச்சுகள் மரத்தைத் தின்று குழி பறித்திருக்கிறதா, சட்டம் ஏதாவது விட்டிருக்கிறதா. கடைசியாக விரல் முட்டியால் முன்னும் பின்னும் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்காவது "டக்" என்பது "டர்ர்" என்று மாறினால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது.

போட்டோ பார்த்து ஆர்டர் பண்ணலாமா?

மேலே சொன்ன ஸ்கேல் சோதனையைப் படமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேண்டாம்.

நெக் ரீசெட் பண்ணா சரியாயிடும்னு சொல்றாங்களே?

ஆகும். மார்ட்டின், கிப்சன் இரண்டிலும் கழுத்து புறாவின் வால் வடிவ மூட்டாக உடலுக்குள் இறங்கி, மிருகத் தோல் பசையால் ஒட்டியிருக்கும். அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். பதினைந்தாம் ஃப்ரெட் பக்கம் துளை போட்டு நீராவி விட்டு, கழுத்தைக் கழற்றி, அடியைச் செதுக்கிச் சாய்வைத் திருத்தித் திரும்ப ஒட்டுவார்கள். பழகிய கைக்கு இது வழக்கமான வேலை. 1985 வரை மார்ட்டின் கிடாரில் முடுக்கக்கூடிய ட்ரஸ் ராட் கிடையாது. கிப்சனில் உண்டு, ஆனால் அது கழுத்தின் வளைவைத்தான் திருத்தும், சாய்வை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ராடைத் திருகி உடைத்தவர்கள் உண்டு.

என் முதல் பழைய கிடார் ஓர் எல்ஜி-0. "ரீசெட் ஆகிவிட்டது" என்று சொல்லி விற்றார்கள், நானும் கேள்வி கேட்காமல் வாங்கினேன். அடுத்த கோடையில் ஆக்ஷன் ஏறியது. பழுது பார்ப்பவர் நீராவி விட்டார், அசையவே இல்லை. உள்ளே எபாக்சி என்ற, எளிதில் இளகாத பிசினை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். அதைப் பிரிக்க மரத்தையே வெட்ட வேண்டியதாயிற்று, எட்டு மாதம் கிடார் பெட்டியிலேயே கிடந்தது. அன்றிலிருந்து நான் கேட்பது ஒரே கேள்வி: யார் செய்தது, என்ன பசை? கழுத்தும் உடலும் சேருகிற கோட்டில் பளபளவென்று கண்ணாடி போல ஒழுகியது தெரிந்தால், அது தோல் பசை இல்லை.

விரிசல் இருந்தா விட்டுடணுமா?

வேண்டாம். மரத்தின் ரேகையோடு ஓடுகிற விரிசலை உள்ளிருந்து சின்ன மரத்துண்டுகள் வைத்து ஒட்டியிருந்தால் அது ஆறிய காயம். விலையைக் குறைக்கும், சத்தத்தைக் குறைக்காது. மேடைக்கு வாங்குகிறவருக்கு இது லாபம்தான். பயப்பட வேண்டியது தலைப்பகுதி முறிவு, பிரிட்ஜின் கீழே, தந்தியைப் பிடிக்கும் ஊசிகளின் துளைகளை இணைத்து ஓடும் விரிசல், முன்பே யாரோ கண்டபடி ஒட்டியது.

எல்லாம் ஒரிஜினலா இருக்கணுமா? பிக்கப் போட ஓட்டை போட்டா விலை போயிடாதா?

சேகரிப்பவருக்கு ஒரிஜினல் முக்கியம், வாசிக்கிறவருக்கு இல்லை. யாரோ ஏற்கெனவே ஃபினிஷை மாற்றிய, தந்தி முறுக்கும் டியூனரை மாற்றிய, அடியில் ஜாக்குக்குத் துளைத்த 0-15 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு, நேரில் பார்ப்பது பற்றிச் சொன்ன சோதனைகளை மட்டும் செய்துவிட்டு வாங்குங்கள். நிறையக் குறைத்துக் கொடுப்பார்கள். எல்லாம் அப்படியே இருக்கும் ஒன்றை வாங்கினால், துளைப்பதற்கு முன் யோசியுங்கள். பழைய கிடாரின் அடி ஊசித் துளை சின்னது, ஜாக்குக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். போட்டால் போட்டதுதான். கழற்றிய பழைய டியூனர், சேடில், ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டுக் கிடார் பெட்டியிலேயே வையுங்கள்.

எந்த பிக்கப் நல்லது? ஃபீட்பேக் வராம இருக்கணும்.

துளைக்க மனமில்லை என்றால் ஓட்டையில் மாட்டுகிற காந்த பிக்கப். ஒயர் ஓட்டை வழியாகவே வெளியே வரும், கச்சேரி முடிந்ததும் கழற்றிவிடலாம். சத்தம் கொஞ்சம் எலக்ட்ரிக் சாயல், ஆனால் டிரம்ஸ் பக்கத்தில் இருந்தாலும் ஊளையிடாது. என் கிடாரில் இருப்பது பிரிட்ஜின் அடிப்பலகையில் ஒட்டுகிற மூன்று சின்னத் தட்டுகள், கே அண்ட் கே என்ற நிறுவனத்தினுடையவை. மகோகனியின் குரலுக்கு இதுதான் நெருக்கம். சேடிலுக்கு அடியில் வைக்கும் பீசோ வகைப் பிக்கப் இந்தக் கிடாருக்கு எனக்குப் பிடிக்காது. மரத்தின் இதமான குரலைப் பிளாஸ்டிக் சத்தமாக்கிவிடும், பழைய மார்ட்டினின் சேடில் பள்ளத்தையும் அதற்காகச் செதுக்க வேண்டி வரும்.

ஒட்டுத் தட்டு வகைக்கு, சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி பலப்படுத்தும் நல்ல ப்ரீஆம்ப் ஒன்று இருந்தால் நல்லது. ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் ஊளையிடுவது, எல்லாக் கிடாருக்கும் பொது: பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட சுரத்தில் அதிரும். டிரெட்நாட்டில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி, சின்ன உடலில் சற்று மேலே. சவுண்ட் செக்கில் அடித்தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பாருங்கள், ஒரு சுரம் மட்டும் பெட்டியை உலுக்கும். அந்த இடத்தை மட்டும் நாட்ச் ஃபில்டரில் ஒடுக்குங்கள், மொத்த லோவையும் குறைக்காதீர்கள்.

தந்தி என்ன கேஜ்?

கேஜ் என்பது மெல்லிய தந்தி, அடித்தந்தி இரண்டின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். எக்ஸ் சட்டம் உள்ளதற்கு 12-53 தாங்கும், நான் 11-52 போடுகிறேன். ஏணிச் சட்டம் உள்ளதற்கு 11-க்கு மேல் வேண்டாம். அவற்றைவிடத் தடித்த மீடியம் எதற்கும் வேண்டாம்.

பெங்களூர்ல மார்ச்ல காய்ஞ்சு போகுது, சென்னைக்குக் கச்சேரிக்குப் போனா ஊதிக்குது. என்ன பண்றது?

இது நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பெங்களூரில் மத்தியானத்தில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம். சென்னையில் 70-க்கு மேல். கிடாருக்குப் பிடித்தது 45-லிருந்து 55. காய்ந்தால் முன்பலகை இறங்கி ஆக்ஷன் குறையும், ஃப்ரெட் நுனிகள் கையை அறுக்கும், பிறகு விரிசல். ஈரத்தில் வயிறு உப்பி ஆக்ஷன் ஏறும். முழு மகோகனி ஸ்ப்ரூஸைவிடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு.

நான் செய்வது: கிடார் எப்போதும் பெட்டிக்குள். பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர். கோடையில், மூடியில் துளை போட்ட சோப்பு டப்பாவுக்குள் பிழிந்த ஸ்பாஞ்ச். கையில் ஈரம் ஒட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். சென்னைக்குப் போகும்போது ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, அரை மில்லிமீட்டர் குறைவான இன்னொரு சேடிலை எடுத்துப் போவேன். ரயிலில் மேல் ராக்கில் படுக்கவைப்பேன், தந்தியை ஒரு சுரம் இறக்கிவைத்து. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடம்கூட விடாதீர்கள். தோல் பசை சூட்டில் இளகும் என்று ரீசெட் பதிலில் சொன்னேன். அந்த இளக்கம் உங்கள் டிக்கியிலேயே நடக்கும், பிரிட்ஜ் கையோடு வரும்.

ஸ்டாண்ட்ல வைக்கலாமா?

ரப்பர், ஃபோம் சுற்றிய ஸ்டாண்டில் வேண்டாம். பழைய நைட்ரோ லாக்கர் ரப்பரோடு ஒட்டி இளகிவிடும். பருத்தித் துணி சுற்றுங்கள்.

எங்க அண்ணன் நியூ ஜெர்சியிலேர்ந்து ஒண்ணு கொண்டு வர்றேங்கிறான். ஏர்ப்போர்ட்ல பிடிப்பாங்களா?

சுங்க வரி தனி, அதற்கு வாங்கிய பில்லை கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். மரத்துக்கான சட்டம் வேறு. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் ஒப்பந்தம். மகோகனிக்கு அதன் கட்டுப்பாடு 2003-ல் வந்தது, ஆனால் அது மரக்கட்டை, அறுத்த பலகை, மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு, ஒட்டுப்பலகைக்குத்தான், செய்து முடித்த கிடாருக்கு இல்லை. சிக்கல் கழுத்தின் மேல் விரல் வைக்கும் கைப்பலகையிலும் பிரிட்ஜிலும் இருக்கிறது. பழைய மார்ட்டின்களில் அவை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அது 1992 முதல் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2019-ல் மற்ற ரோஸ்வுட் இசைக்கருவிகளுக்குத் தளர்த்தியபோதும் இதற்குத் தளர்வு கிடைக்கவில்லை. துண்டு சின்னது என்பதெல்லாம் கணக்கில் வராது. 1992-க்கு முன்னால் செய்தது என்பதற்கான சான்றிதழை அமெரிக்காவிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். 1969 வாக்கில் மார்ட்டின் பிரேசில் மரத்தை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு, நம் ஈட்டி மரத்துக்கு, மாறியது.

உள்ள நம்பர் இருக்கு. அதை வெச்சு வருஷம் சொல்லிடலாமா?

மார்ட்டினில் சொல்லலாம். ஓட்டைக்குள் கழுத்துக் கட்டையில் எண் அச்சிட்டிருக்கும். 1950-ன் கடைசி எண் 117961, 1955-ன் கடைசி 147328, 1960-ன் கடைசி 175689. நடுவில் வருவதை நீங்களே கணக்கிடலாம். கிப்சனில் 1960களின் எண்கள் திரும்பத் திரும்ப வந்தவை, எண்ணை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். முன்பு சொன்ன பிரிட்ஜும் கழுத்து அகலமும் எண்ணைவிட உண்மை பேசும்.

ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன் அக்கா. ஒரு 00-17 பாடுது, ஆனா நெக் விழுந்திருக்கு. ஒரு எல்ஜி-0 நெக் சூப்பர், சத்தம் சுமார். எதை எடுக்கட்டும்?

முதலில் விலை. 00-17-ன் விலையோடு ரீசெட் செலவையும், கிடார் கைக்குத் திரும்ப வரும் வரைக்கும் ஆகும் மாதங்களையும் சேருங்கள். அந்த மாதங்களில் வாசிக்க வேறு கிடார் இருக்கிறதா? இருந்தால், பசை தோல் பசைதான் என்று உறுதியானால், 00-17. சாய்வைத் திருத்த முடியும், இல்லாத குரலை உள்ளே வைக்க முடியாது. அடுத்த வாரமே மேடை இருக்கிறது, கையில் வேறு கிடார் இல்லை என்றால், எல்ஜி-0.

முடிவெடுக்கும் முன் இரண்டுக்கும் ஒரே மாதிரி புதுத் தந்தி போடுங்கள். துருப்பிடித்த தந்தியோடு சுமார் என்று சொன்ன எல்ஜி-0 ஒன்று, புதுத் தந்தியில் வேறு கிடாராக மாறியதை நான் கேட்டிருக்கிறேன். அப்புறம் உங்களோடு பாடுகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பாடட்டும், நீங்கள் வாசியுங்கள், பத்தடி தள்ளி மூன்றாவது ஆள் ஒருவரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். எது எந்தக் கிடார் என்று அவருக்குச் சொல்லாதீர்கள். எதில் பாட்டின் வார்த்தை தெளிவாகக் கேட்டது என்று மட்டும் கேளுங்கள்.